எச்சிலால் துடைத்த கடல்

ஆறடிக்கு நாலடிக் கடல்.
குன்னூர் நூலகத்தின் பில்லியர்ட்ஸ் அறையில்
மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது.
உடைந்த கப்பல், ஒரு மீட்புப் படகு,
நடுவில் கயிறு.
பித்தளைத் தகட்டில் ஆண்டு இருக்கிறது.
ஓவியன் பெயர் இருந்த இடத்தில்
ஆணித் துளை.

நான்காவது வாரம்.
குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கில் நனைத்து
விரற்கடை விரற்கடையாகத் துடைக்கிறேன்.
இந்த வேலைக்கு எச்சிலை மிஞ்சிய மருந்து
இன்னும் வரவில்லை.
நூறு வருஷச் சுருட்டுப் புகை
தேயிலைச் சாயமாய்ப் பஞ்சில் இறங்க
அலை பச்சையாகிறது.
மத்தியானத்துக்குள் நாக்கு வறண்டுவிடும்.

முகட்டில் வெள்ளைப் புள்ளிகள்.
நுரை என்று நினைத்தேன்;
பூஞ்சணம்.
ஐப்பசியில் இந்த ஊர்
எதையும் விட்டுவைப்பதில்லை,
செருப்பு, தாலிக்கயிறு, சமுத்திரம்.

சாவி கொண்டுவரும் பெள்ளி
தினம் ஒரு தடவை எட்டிப்பார்ப்பார்.
இன்றைக்குக் குனிந்து பார்த்துச் சொன்னார்:
"கயிறு பிடிக்கிறவன் செத்தான்.
வெறுங்கையில் இப்படிப் பிடிச்சா
தோல் உரிஞ்சு கூடவே போயிடும்.
இடுப்புல ஒரு சுத்து, காலுக்கு ஒரு பாறை,
அப்புறம்தான் இழுக்கணும்."

நான் கேட்கவில்லை.
உள்ளங்கையை அவராகவே விரித்தார்.
குறுக்கே வழவழவென்று ஒரு பட்டை,
ரேகையே இல்லாமல்.
கேத்திக்குக் கீழே மண் சரிந்த இரவு.
"பஸ்ஸுல பதினாலு பேர்" என்றார்.
எத்தனை பேர் ஏறி வந்தார்கள் என்று
சொல்லவில்லை.

சாயங்காலம், இடது கீழ்மூலையில்,
வெறும் கறுப்பு என்று விட்டிருந்த தண்ணீருக்குள்
பஞ்சு ஒரு கையைக் கொண்டுவந்தது.
ஐந்து விரல். ஒன்றில் மோதிரம்.
மேலே யாரோ பிறகு பூசியிருக்கிறார்கள்;
வேறு தூரிகை, அவசரம்.

செயலாளர் சத்தியசீலன் போனில் கேட்டுக்கொண்டார்.
"படத்தோட பேரே 'மீட்பு'தானேம்மா?
மே மாசம் கலெக்டர் திறக்கிறார்.
முன்னே இருந்தபடியே மூடிடுங்க."

மூடத் தெரியும் எனக்கு.
அதற்கான கறுப்பு பெட்டியில் இருக்கிறது.

ஜன்னல் இடுக்கில் நுழைந்த பனிமூட்டம்
படகுவரை வந்து நின்றது.
பெள்ளி விளக்கைத் தாழ்த்திப் பிடித்து
அந்தக் கையையே ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு கேன்வாஸைத் தொடாமல்
கயிற்றின் நுனியிலிருந்து மோதிர விரல்வரை
காற்றில் கையை விரித்து அளந்தார்.

"ஒரு சாண் குறையுது."

இன்னொரு பஞ்சைச் சுற்றி
நாக்கில் வைத்தேன்.
ஈரம் இல்லை.