மூன்று மில்லிமீட்டர்

தண்டர் பே நகரில் செவ்வாய் இரவு.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
லூதரன் தேவாலயத்தின் நிலவறையில்
பதினொரு பேர், பதினான்கு மேசைகள்,
எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருங்கிய
எங்கள் ஏரிக்கரை ரயில்பாதை.

அவரவர் துண்டை அவரவர் வீட்டில் செய்து
கல்யாண கேக் ஏற்றி வருவதுபோல்
வளைவுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு
காரோட்டி வருவோம்.
இங்கே பூட்டிச் சேர்த்தால்தான் அது பாதை.
அதுவரை வெறும் பலகை.

ஹாலினா, தானியக் கிடங்கில்
கோதுமைக்குத் தரம் போடுகிறவர்.
தூசிக்கும் ரகம் உண்டு என்பார்.
சாக்கட்டியைச் சீவிப் பொடியாக்கி
புத்தம்புதுச் சரக்குப் பெட்டியின் கூரையில்
வெளிர்மஞ்சள் தடவிக் காட்டினார்;
சக்கரத்தருகே துரு.
"இப்போதுதான் இது வேலைக்குப் போகிறது."

மோர்லி, ஆஸ்பத்திரி லிஃப்ட் மெக்கானிக்.
"ஈயத்தைச் சூடாக்காதே, கம்பியைச் சூடாக்கு.
ஈயம் தானே ஓடிவரும்."
வந்தது.
கட்டைவிரலுக்கும் வந்தது.

பல் கட்டுவது என் தொழில்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
குமிழி இல்லாமல் சாந்து குழைப்பது:
தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும்,
மாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது.
ஐந்து பேர் எழுதிக்கொண்டார்கள்.
அடுத்த மாதமே
ஏரிக்கரைப் பாறைகள் அத்தனைக்கும்
லேசாய்க் கடைவாய்ப்பல் சாயல்.

டெல்ஃபினின் ஊசியிலை மரங்களைப் பார்த்தால்
குளிரும்.
என்ன பசை என்று கேட்டால்
காபி ஆறுகிறது என்று எழுந்து போய்விடுவார்.
எட்டு வருஷமாய் ஆறுகிற காபி.

இன்று என் துண்டின் முதல் ஓட்டம்.
முப்பத்திரண்டு பெட்டி, இரண்டு இன்ஜின்.
மோர்லியின் பாலம் தாண்டி
ஹாலினாவின் கிடங்கு தாண்டி
என் எல்லையில் கால்வைத்ததும்
நான்காம் பெட்டி ஒருமுறை தலையாட்டியது.
பிறகு படுத்தது.
பின்னால் வந்தவையும் மரியாதைக்கு
ஒவ்வொன்றாய்ப் படுத்தன.

ரெய்யோ குனிந்து ஸ்கேல் வைத்தார்.
மூன்று மில்லிமீட்டர் பள்ளம்.
என் சமையலறைத் தரையை நம்பி அளந்திருந்தேன்.
பதினாறு வருஷமாய்ச் சாய்ந்த தரையில்
நேராக நின்று சமைத்திருக்கிறேன்.

காது சுட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை,
அதுதான் மோசம்.

நிஜத் தண்டவாளத்தில் பழுது பார்ப்பவர் ரெய்யோ.
அதைப் பற்றி இங்கே வாய் திறந்ததே இல்லை.
காபிக் கோப்பையின் அட்டையைக் கிழித்து
மடித்து மேசைக்காலுக்கடியில் செருகினார்.
எழுந்திருக்காமல், தரையைப் பார்த்தே பேசினார்:

"ஜனவரியில் எங்களுக்கு இதே வேலைதான்.
மண்ணுக்குள் தண்ணீர் உறையும், பூமி உப்பும்.
ஓரிடத்தில் ரயில்பாதை தூக்கிக்கொள்ளும்,
பக்கத்து இடம் பள்ளமாய் நிற்கும்.
அங்கே தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே
மரச்சில்லு வைப்போம்.
பனி உருகினால் பூமி இறங்கும்.
சில்லைப் பிடுங்குவோம்.
அடுத்த ஜனவரியில் திரும்ப."

சிக்னல் விளக்கு செய்திருந்தோம்,
வேலியில் அறுந்த கம்பி செய்திருந்தோம்,
கரடி ஒன்றுகூட உண்டு.
பூமி உப்பும் என்பதை
பதினொரு பேரில் ஒருவர் மட்டும் அறிந்திருந்தார்,
நாங்கள் கேட்கவில்லை.

"என்ன நிறம், அந்தச் சில்லு?" ஹாலினா.
"என்ன தடிமன்?" மோர்லி.
அரை அங்குலம் என்றார் ரெய்யோ.
எண்பத்தேழால் வகுத்தால்
ஒரு அட்டையின் கனம்கூட இல்லை.

மெழுகுப் பல் செதுக்கும் கத்தி
என் பையில் எப்போதும் இருக்கும்.
ஒரு பல்குச்சி கேட்டு வாங்கினேன்.
முதல் மூன்று சில்லும் தும்மலில் போயின.
நான்காவதை இடுக்கியில் பிடித்துக்
கட்டைமேல் வைத்தபோது
டெல்ஃபின் தன் பசைப்புட்டியைக்
கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்,
லேபிளைச் சுரண்டிவிட்டு.

யார் கண்ணுக்கும் தெரியாது அந்தச் சில்லு.
நாங்களே நாளை தேடினால் கிடைக்காது.

ரெய்யோ மட்டும் கன்னம் பலகையில் படக் குனிந்து
வெகுநேரம் பார்த்தார்.
"ஏப்ரலில் எடுத்துவிட வேண்டும்," என்றார்.
மோர்லி காலண்டரில் குறித்துக்கொண்டார்.