பதிவில் இல்லாதவை

போன வருஷம் தந்தது முகமூடி.
காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும்;
மூச்சை வெளியே விட
நான் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்.
மூன்றாம் நாள் விடியக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது,
தன்பாட்டில் மூச்சு விட்டுக்கொண்டு.

அதனால்தான் இந்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தேன்.
திருகோணமலை ஆஸ்பத்திரி, மேல்மாடி,
கடல் பக்கத்து அறை.
பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா முசம்மில், லொறிச் சாரதி.
மட்டக்களப்பு வீதியில் பட்டப்பகல் பன்னிரண்டுக்குத் தூங்கி
ஒரு மாட்டையும் ஒரு மதகையும் இடித்தவர்.
மாடு தப்பிவிட்டதாம். இரண்டு தரம் சொன்னார்.

ஸஃப்ரீனா நெற்றியில் பசை தடவி வயர் ஒட்டுகிறாள்.
"என்ன தொழில் செய்தீங்க?"
"அட்டைக்கு முழுகினனான். சல்லிக்கு அங்கால."
"எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பீங்க?"
"ரெண்டு நிமிஷம். இளந்தாரியாய் இருக்கேக்க மூண்டு."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

முதற் கருவி நாக்குக்கு.
பால்போத்தல் சூப்பி போல மெத்தென்று,
நாக்கைக் கவ்வி முன்னே இழுத்து வைக்கும்.
ஏழு இரவு, ஏழு ஈரத் தலையணை.
"ஒரு சொல் எதிர்த்துக் கதைக்கேல்லை,
நல்ல சாமான்" என்றாள் தங்கேஸ்வரி.

அடுத்தது தாடைக்கு. பல் அச்செடுத்துச் செய்தது.
கிழமைக்குக் கால் திருகு திருக
கீழ்த்தாடை முன்னே நகரும்.
காலையில் மேற்பல்லுக்குக் கீழ்ப்பல்லைத் தெரியாது;
பாண் கடிக்க அரைமணி செல்லும்.

வெறுமனே: மணிக்கு நாற்பத்தேழு தரம் மூச்சு நின்றது.
நாக்குக் கருவி: முப்பத்தொன்று.
தாடைக் கருவி: பதினெட்டு.
பதினெட்டும் கூடத்தான் என்கிறார் டாக்டர்.

பதினொரு வருஷமாய்
என் விலாவில் இடித்து இடித்து எழுப்பிய
தங்கேஸ்வரியின் முழங்கையை
எவரும் பரிசோதிக்கவில்லை.
தோணியில் நின்றவன் கயிற்றைச் சுண்டுவது போல,
இரண்டு தரம், சுருக்கென்று.

இன்றிரவு முசம்மிலுக்குக் கருவி இல்லாத இரவு.
"எழுப்பப்படாது, அளக்கிறம்" என்று சொல்லிவிட்டு
ஸஃப்ரீனா கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டாள்.
துறைமுக விளக்கு சுவரில் ஏறி இறங்குகிறது.
குறட்டை ஏறி, ஏறி,
சட்டென்று அறுந்தது.

எண்ணத் தொடங்கினேன்,
தண்ணீருக்குள் எண்ணுகிற அதே கதியில்.
பத்து. பதினைந்து.
எனக்கென்ன, நான் எண்ணாமலே இருக்கலாம்.
இருபத்திரண்டு.
வயர்கள் என்னைக் கட்டிலோடு பிடித்திருந்தன.

இருபத்தாறில்
பலமாகச் செருமினேன்.