ஆகு

பிளாக்கின் முதுகில் எண்ணெய்க் கசடைச் சுரண்டினால்
ஓர் எழுத்து, பிறகு எண்கள்:
பி பதினாலு ஒன்பது.
பிப்ரவரி, பதினாலாம் தேதி, அறுபத்தொன்பது.
இரும்புக்கும் ஜாதகம் குறித்து அனுப்பியிருக்கிறான் அமெரிக்காக்காரன்.

நிசார் பாய்க்கு எல்லாம் அதோடு பொருந்த வேண்டும்.
டிஸ்ட்ரிபியூட்டர், விசிறி,
பேட்டரியை அமுக்கிப் பிடிக்கிற தகடுகூட
வண்டிக்கு முன்னால் பிறந்திருக்கணும்,
ரொம்ப முன்னாலும் கூடாது.
"ஆறு மாசத்துக்குள்ள" என்கிறார்,
சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி.

பேரணாம்பட்டில் அவர் அத்தாவின் தோல் ஷாப்பில்
இருபத்தாறு வருஷம்
சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற செவெல்.
கழற்றக் கழற்ற வேறு வேறு வண்டிகள் இறங்கின.
அம்பாசடர் கார்புரேட்டர். டிராக்டர் டைனமோ.
தோல் உருட்டும் டிரம்மிலிருந்து ஒரு பெல்ட்.
மீட்டர் குழியில் ஏதோ பியட்டின் கடிகாரம், மூன்றேகாலில்.
வெட்கமே படாமல் ஓடியிருக்கிறது.

ஒகையோவிலிருந்து நாலு தொண்டைக் கார்புரேட்டர் வந்தது,
கஸ்டம்ஸில் பதினொரு நாள் கிடந்து.
திறந்தால் உள்ளே
யாரோ போட்ட பெட்ரோல் காய்ந்து தேன் நிறத்தில்.

ரெட்டெம்மா வி.கோட்டா பஸ்ஸில் வருவாள்.
பல்லால் ஒயர் உரிப்பவள்.
அவளிடம் பசையில்லாத டேப்பை நீட்டினேன்.
அந்தக் கம்பெனியில் அப்படித்தானாம்.
"பசை லேகுண்டா எப்படி நிக்கும்?"
ஐம்பது வருஷம் நின்ற பழைய சுற்றைக் காட்டினேன்.
மூக்கைச் சுளித்துக்கொண்டே சுற்றினாள்.

சீட்டுக்கு வந்தபோதுதான் சிரிப்பு.
அசலில் அது ரெக்சின்.
ஊரெல்லாம் தோல் காய்கிற ஊரில்
தோல் முதலாளி
மூன்று மாதம் ரெக்சின் தேடி அலைந்தார்.

வலப்பக்கக் கண்ணாடி ஒன்று மாட்டட்டுமா என்று கேட்டேன்.
"இந்த மாடலுக்கு அது கிடையாது."

ஸ்டியரிங் இடப்பக்கம்.
பத்தலப்பள்ளி மலைப்பாதையில்
லாரிக்குப் பின்னால் மாட்டினால்
எனக்குத் தெரிவது அதன் பின்பலகையும்
இந்தப் பக்கத்துப் பாறையும் மட்டும்.
எதிரே வருவதைப் பார்க்க
வலது சீட்டில் இன்னொரு ஆள் வேண்டும்.
ரெட்டெம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி
"போ" என்பாள். போவேன்.
அந்தச் சொல் சோதனைச்சாவடிக்கு
இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நாலாவது வளைவில் சொன்னாள்:
"ஆகு."

இருபது வருஷமாய்த் தெலுங்கு கேட்கிற காது.
நில் என்று அதற்குத் தெரியும்.
காலுக்குத் தெரியவில்லை.
கால் என் அம்மாவின் பாஷையில் கேட்டது.
ஆகு, அதுவாகவே ஆகிவிடு என்று
யாரோ இத்தனை மாதம் கழித்து உத்தரவு கொடுத்த மாதிரி
மிதித்தேன்.
நாலு தொண்டையும் திறந்தது.

அப்படி ஒரு சத்தத்தை அந்தப் பாறை கேட்டிருக்காது.
ஒரு கணம் எனக்குப் பயமே இல்லை.
பிறகு வளைவிலிருந்து தக்காளி லாரி,
ரெட்டெம்மாவின் கை ஸ்டியரிங்கில்,
தகரம் தகரத்தை உரசிக்கொண்டு போவது,
முன்கண்ணாடியெல்லாம் தக்காளி.

ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு அவள் எல்லாவற்றையும் தெலுங்கில் திட்டினாள்.
அதில் எனக்கு ஒரு சொல்லும் தவறாகக் கேட்கவில்லை.

நிசார் பாய் வந்து
வலது மட்கார்டில் விரலை ஓட்டினார்.
லாரியின் பச்சை, நீளமாய் ஒரு கோடு.
"இது எந்த வருஷத்துது?"
சொன்னேன். "போன திங்கட்கிழமை."

மட்கார்டைக் கழற்றிக் கவிழ்த்து
உள்ளிருந்து தட்டி நிமிர்த்தினேன்.
டீ குடித்துவிட்டு வருவதற்குள்
பெயிண்ட் படாத உள்பக்கத்தில்
டெஸ்டர் முனையால் ரெட்டெம்மா கீறி வைத்திருந்தாள்:
ஜி எட்டு நாலு.

மாதத்துக்கு எழுத்து, தேதி, வருஷத்தின் கடைசி எண்.
முறைப்படி சரிதான்.
பாய் தேடினாலும் கிடைக்காது, போல்ட் எல்லாம் கழற்றணும்.

வலப்பக்கக் கண்ணாடி இன்னும் மாட்டவில்லை.
இப்போது மலையேறும்போது அவள்
"ஆகு" என்பதில்லை.
என் தோளில் அடிக்கிறாள்.