இரண்டு ஜி.டி., ஒரு முற்பகல்

இன்றைக்கு இரண்டு கோப்பு.
ஒன்று, கொக்குவில் ஒழுங்கையில்
வேலி கீறிய பென்ட்லி.
மற்றது அரசடியில்,
சொத்துப் பிரிக்க மூன்று பிள்ளைகளும் விலை கேட்கும்
அறுபத்தெட்டாம் ஆண்டு எம்.ஜி.பி.
இரண்டின் பெயரும் ஒரே இரண்டு எழுத்தில் முடிகிறது: ஜி.டி.
பெரும்பயணம் என்று பொருளாம்.
கண்டங்களைக் கடக்கவென்று
ஆங்கிலேயன் செய்தது.
எங்களிடம் இருப்பதோ ஒரு குடாநாடு.

முதலில் பென்ட்லி.
ஒளிப்பானேன், எனக்குப் பிடித்துவிட்டது.
கதவைச் சாத்தினேன்.
கலியாண வீட்டுத் தவில் கேட்ட இடத்தில்
என் மூச்சுக் கேட்டது.
இருக்கை என் முதுகைத் தடவிப் பார்த்தது,
ஊசி போடமுன் தாதி இடம் தேடுவது போல.
கன்றுக்குட்டியைக் கண்டு திரை சிவந்ததாம்,
மதகைக் கண்டும் சிவந்ததாம்,
ஒழுங்கை முழுக்கச் சிவந்தபடியே வந்தால்
எதைத்தான் நம்புவது என்கிறார்
சாரதி தர்மசிறி, அரைத் தமிழில்.
கொழும்பிலிருந்து ஐந்தேகால் மணித்தியாலம்.
பின்சீற்றில் மாப்பிள்ளை
ஆனையிறவில்கூட எழும்பவில்லை.
எழுதிக்கொண்டேன்:
இடது கதவு, ஒரு முழம், கிளுவை முள்.

அரசடியில் பத்மலோஜினி தார்ப்பாயை இழுத்தா.
தூசி. எலிப்புழுக்கை. பிறகு அந்தப் பச்சை.
படிவத்தில் அழகுக்குப் பெட்டி இல்லை.
அழகுதான்.
ஆனால் ஓட்டிப் பார்த்தவள் நான்:
இரண்டாம் கியர் நழுவுகிறது,
பிரேக் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறது,
முழங்கால் வேகிறது,
வைப்பர் ஒன்று எந்தக் காலத்திலோ தொடங்கிய வேலைநிறுத்தத்தை
இன்னும் முடிக்கவில்லை.
பழசெல்லாம் பொன் என்பவர்
மானிப்பாய் வீதியில், மத்தியானம்,
ஒருக்கால் இதை ஓட்டட்டும்.

பொனற்றுக்குள் ஒரு கொக்கி.
அதில் சேலைன் போத்தல் தொங்கினதாம்.
டொக்டர் பெற்றோலைத் துளித்துளியாய் ஏற்றி
எஞ்சினுக்கு நினைவு திரும்பிய பிறகு
மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம்.
"அப்பாவின்ர ஆகக் கனகாலத்து நோயாளி" என்றா.
சிரிக்கவில்லை.

பதிவுப் புத்தகம் இல்லை.
அதாவது, விலையில் பாதி இல்லை.
இருப்பது நீல மட்டை ஓட்டக் கொப்பி ஒன்று.
பருத்தித்துறை, 21 மைல்.
சங்கானை, 7.
ஆசுப்பத்திரி, ஆசுப்பத்திரி, ஆசுப்பத்திரி.
கடல் வந்ததும் திரும்பித் திரும்பி
அறுபத்தோராயிரம் மைல்.
நடுவில் ஒரு வரி,
அதே கையெழுத்து, அதே மை:

30.10.95. சாவகச்சேரி. 11 மைல். 19 மணித்தியாலம்.

எரிபொருள் என்ற நிரலில்
நாவற்குழிப் பாலம் மட்டும் மண்ணெண்ணெய்.
அதற்குப் பிறகு: சனம்.

பக்கத்தைப் புரட்டினேன்.
அடுத்தது டிசம்பர், பிளக் நாலு மாற்றியது, விலையோடு.

மதில் நிழலில் ஸ்கூட்டியைச் சாய்த்து
இரண்டு கோப்பையும் முடித்தேன்.
பென்ட்லியின் கீறலுக்கு நான் போட்ட தொகை
இந்தக் கார் முழுவதற்கும் போட்டதைவிடக் கூட.
திரும்பவும் கூட்டிப் பார்த்தேன்.
இரண்டும் சரி.
சரியாக வந்ததுதான் கொஞ்சம் கரைச்சலாக இருந்தது.

"கொழும்பு மட்டும் ஓடுமோ எண்டு
லண்டனிலயிருந்து தம்பி கேக்கிறான்."
இந்தக் கிளச்சோடு
வவுனியா சொல்லலாம், அதற்கப்பால் சொல்லமாட்டேன் என்றேன்.
"பரவாயில்லை, வவுனியாவும் போனதில்லைத்தானே" என்றா,
காரைப் பார்த்தோ என்னைப் பார்த்தோ.

தார்ப்பாயின் மற்ற நுனியை நான் பிடித்தேன்.
வயரைக் கடிக்கிறது,
எலிக்கு ஏதும் வையுங்கோ என்று சொல்லிவிட்டுக்
கிளம்பினேன்.