கட்டுச்சோறு

மின்சாரம் போனது அதிகாலை நாலேகாலுக்கு.
யுபிஎஸ் ஆறு நிமிடம் தாங்கி
சர்வரை ஒழுங்காகப் படுக்கவைத்துவிட்டுத்
தானும் படுத்தது.
மின்சாரம் திரும்பியது. சர்வர் திரும்பவில்லை.

ஈசாஃப்யர்துர், பனிச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகம், ஜனவரி.
ஒன்பது மணிக்கும் இருட்டு.
சூரியன் மலையைத் தாண்ட இன்னும் எட்டு நாள்.
ஸ்டெய்ன்வோர் ஒரு கையுறையை மட்டும் கழற்றியிருக்கிறாள்.
திரையில்: ரூட் கிடைக்கவில்லை.
அதன் கீழே விட்டுவிட்டு மின்னும் கோடு.

வீடு போய்ச் சேரும்வரை
கெர்னல் மடியில் கட்டிவரும் கட்டுச்சோறு
இந்த இனிட்ராம்எஃப்எஸ்.
பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு:
எந்தெந்த டிஸ்க் ஒரே குடும்பம் என்று.
ஹஃப்லிதி புது டிஸ்குகளை மாட்டினான்,
வீட்டுக்குள் இருந்த சீட்டைத் திருத்தினான்,
பொட்டலத்தை மறுபடி கட்டவில்லை.
செப்டம்பரில் அகுரேரிக்கு மாறிப் போய்விட்டான்.
அணையாத இயந்திரம்
யாரிடமும் வழி கேட்பதில்லை.

அவள் ஒவ்வொன்றாய் விசாரிக்கிறாள்.
டிஸ்கின் தொடக்கத்திலிருந்து நாலு கிலோபைட் தள்ளி
அதன் தலையெழுத்து.
படிக்க முடிகிற தலையெழுத்து, அதுவரை லாபம்:
யாரோடு பிறந்தது, எத்தனையாவது,
கடைசியாக எதுவரை விழித்திருந்தது.

நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
அதே.
அதே.
முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.

நாலாவது நவம்பர் மூன்றிலேயே நின்றுவிட்டது.
எச்சரிக்கை மின்னஞ்சல் போகாமல் இல்லை,
ஹஃப்லிதியின் மூடிய முகவரிக்குப் போயிருக்கிறது.
அதன்பிறகு விழுந்த பனி எதுவும் அதற்குத் தெரியாது.

'ஃபோர்ஸ்' என்று தட்டினாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அழித்தாள்.
மூன்றின் பெயரை மட்டும் கையால் எழுதி
சேருங்கள் என்றாள்,
குறையோடு ஓடுங்கள் என்றாள்.

சேர்ந்தன.
கேட்டுவைத்திருந்த பெயர் பூஜ்யம்;
சீட்டில் இல்லாத குடும்பத்துக்குக்
கெர்னல் கொடுத்த பெயர் நூற்றிருபத்தேழு.
இருக்கட்டும்.

பத்தே முக்காலுக்கு வரைபடம் வந்தது,
நாலேகாலை ஒட்டி ஆறரை மணிநேர வெள்ளையோடு.
மேல்சரிவில் காற்று வினாடிக்குப் பத்தொன்பது மீட்டர்.

நாலாவதைத் துடைத்து
முதலிலிருந்து படிக்கவிட்டாள்.
மூன்று சதவீதம்.
பொட்டலத்தைப் புதுச்சீட்டோடு கட்டினாள்.
சரியாகக் கட்டினோமா என்று தெரிய
ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும்.

சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு ஆடுகிறது.
காற்று வடகிழக்கு.
இன்றைக்கு அணைக்க மாட்டாள்.