எழுபத்தொன்று

வியாழன்தோறும் கிடங்கில் என் வேலை
பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்வதுதான்.
டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கும் ஜனவரியில்
கையுறைகூடக் கழற்றாமல் இறக்கிவைக்கும்
கட்டிலுக்கு, கால் ஒடிந்த நடைவண்டிக்கு,
தேதி முடிந்த ஊசிப் பெட்டிக்கு.
முகம் சுருங்கிப் போகும் அவர்களுக்கு.
"இல்லாதவங்களுக்கு இதுவாவது" என்பார்கள்.

அந்த இதுவாவதை
நானும் ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாய் ஏற்றியவன்.

சியரா லியோனில் கபாலா என்ற ஊருக்கு
பதினோரு ஆக்சிஜன் இயந்திரங்கள்.
துடைத்து, மினுக்கி, ரிப்பன்கூடக் கட்டி.
அங்கே சுவரில் வருவது இருநூற்று முப்பது வோல்ட்,
இங்குள்ளதைப்போல இரண்டு மடங்கு.
யாரும் விசாரிக்கவில்லை. நானும்.
அந்த ஆஸ்பத்திரியின் ஒரே மெக்கானிக் சாயோ மாரா
மூன்று மாதம் கழித்து எழுதினார்:

முதலாவதைச் செருகியதும் புகை வந்தது.
மற்ற பத்தும் பிரசவ வார்டுக்குப் பின்னால் நிற்கின்றன.
கோழிகள் ஏறி உட்காருகின்றன.
அவை வந்த பெட்டி நல்ல மரம்,
மருந்து அலமாரி செய்துகொண்டோம். நன்றி.

அந்த நன்றிக்குள் கேலி இருக்கிறதா என்று
பலமுறை தேடிப் பார்த்தேன்.
இல்லை. அதுதான் உறுத்தியது.
கீழே, வேறு மையில், ஒரு வரி:
அடுத்த முறை முதலில் கேளுங்கள்.

இன்று மார்லிஸ் ஆஸ்ட்பி வந்தார்.
சக்கரம் வைத்த இயந்திரத்தைப் பனியில்
தானே இழுத்துக்கொண்டு.
சத்தம் குறைய அவரே பின்னிய கம்பளி உறை அதன்மேல்.
பக்கவாட்டில் டேப் ஒட்டி, பேனாவால்: ஆர்விட்.
"ஓடுது" என்றார். "அவரோட கடைசி நாள் வரைக்கும் ஓடுச்சு."

செருகினேன். ஓடத்தான் செய்தது.
பூனைபோல் உறுமியது, பச்சை விளக்கு காட்டியது,
தண்ணீரில் குமிழி விட்டது.

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே,
சரி, அது வாங்குகிறவருக்குச் சொன்னது.
கொடுக்கிறவன் பார்க்க வேண்டும்.
வாயைப் பிளந்து, விளக்கடித்து, கடைவாய்வரை.

குழாய்முனையில் மீட்டரைப் பிடித்தேன்.
தொண்ணூறாவது இருக்க வேண்டும்.
எண் ஏறியது, தயங்கியது, நின்றது:
எழுபத்தொன்று.

முப்பது வருடம் பள்ளிக்கூடக் கணக்கு எழுதியவர் மார்லிஸ்.
எண்ணைக் கண்டால் விடமாட்டார்.
"எவ்வளவு இருக்கணும்?"
சொன்னேன்.
"எப்போலேருந்து இப்படி?"

இந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

உள்ளே மணல்போல ஒரு பொடி உண்டு,
ஈரம் பட்டால் செத்துவிடும்,
ஏப்ரலிலிருந்து கராஜில்தானே கிடந்தது, என்றேன்.
உண்மைதான்.
முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது.
கொஞ்சம் பொறுத்து, அதையும் சொன்னேன்.

கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது, ஒருமுறை.

"இதை அனுப்பியிருந்தா?"
"ஒரு குழந்தை பக்கத்துல
இதே மாதிரி உறுமிக்கிட்டு நிக்கும்.
பச்சை விளக்கோட."

பிளக்கை அவரே பிடுங்கினார்.

பையில் இன்னும் பிரிக்காத வடிகட்டிகள் இருந்தன, ஒன்பது.
சாயோவின் இந்த மாதப் பட்டியலை எடுத்தேன்.
இயந்திரம் எதுவும் கேட்கவில்லை அவர்.
வடிகட்டி, மாடல் எண் தெரிந்தால் மட்டும்.
ஃப்யூஸ். ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் ஒன்று,
என்னுடையது போன வாரம் கீழே விழுந்துவிட்டது.

மாடல் எண்ணைக் கண்ணாடி மாற்றி மாற்றி
மார்லிஸே படித்துச் சொன்னார், நான் எழுதினேன்.
"அந்த மீட்டர் என்ன விலை?"
சொன்னேன்.
உறையை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
அடுத்த வியாழன் வருகிறேன் என்றார்,
எதற்கென்று சொல்லவில்லை.

அவர் போனபின் டேப்பைப் பிரித்தேன்.
பசை போகவில்லை.
அதன்மேலேயே சிவப்பு மார்க்கரால்
உள்ளங்கை அகலத்துக்கு எழுதினேன்: 71.

நல்ல மனசுக்காரர் யாராவது
தவறி ஏற்றிவிடக் கூடாதே.