நாற்பது அடி

இரண்டு காதுகளுக்குள்ளும் பச்சை எழுத்துகள்.
பந்தயக்காரர்கள் குத்தியவை.
மூன்று வருடம் ஓடியிருக்கிறாள்
பொம்மை முயலின் பின்னால், வட்ட வட்டமாக,
தன்னைப் போலவே ஒல்லியான ஐந்து பேருடன்.
நாய் என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.
சுருட்டை முடிக்காரன், மூஞ்சி சப்பியவன்,
வயிறு தரையில் உரச உருண்டு வருகிறவன்,
இதெல்லாமும் நாய்தான் என்று
யாரும் அவளிடம் சொல்லி வைக்கவில்லை.

கெட்டில் என்று பெயர் வைத்தேன்.
கொதிப்பதற்குச் சற்று முன்
மூடி தடதடக்குமே,
முதல் இரவு என் சமையலறையில்
அப்படித்தான் நின்றாள்.

அந்த வாரமே தபால் நிலைய வாசலில்
வெள்ளைப் பஞ்சு உருண்டை ஒன்றைப் பார்த்து
வாய்க்கூட்டோடு பாய்ந்தாள்.
உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதன் எஜமானிக்கு ஆனது. எனக்கும்.
அதன் பிறகு விடியும் முன்னே நடந்தோம்,
கடன்பட்டவர்கள் மாதிரி, சந்து சந்தாக.

காப்பகத்துப் பெண் போனில் சொன்னாள்:
நிதானமான நாய் ஒன்றைப் பிடியுங்கள்.
முகத்துக்கு முகம் வேண்டாம்.
ஒரே திசையில், இடையில் நாற்பது அடி விட்டு,
சும்மா நடந்தால் போதும்.
கயிறு தொய்வாக இருக்கட்டும்.
நாளுக்கு ஓரடி குறையுங்கள்.
மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள்,
அது கயிறு வழியாக இறங்கிவிடும்.

கில்கீயில் எனக்குத் தெரிந்து
நிதானமான நாய் ஒன்றே ஒன்று.
பெயர் பிஷப். ஒரு காது பாதி.
அது ஃபாக்ட்னாவுடையது.
ஃபாக்ட்னாவோடு பேசி ஆறு வருடம் ஆகிறது,
ஒரு சாக்கடைக் குழாயின் பேரில்.

கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்.
பிஷப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
'காலை ஏழு. அலை இறங்கியிருக்கும்.'

லாடம் போல் வளைந்த கடற்கரை.
அவர் நீரோரம், நான் மதிலோரம்.
நடுவில் நாற்பது அடி ஈர மணல்.
முதல் நாள் கெட்டில் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தாள்.
மூன்றாம் நாள் கொட்டாவி விட்டாள்.
சந்தோஷப்பட்டேன்.
பயந்தாலும் கொட்டாவி வரும் என்று பிறகு தெரிந்தது.
ஐந்தாம் நாள்
பிஷப் மூத்திரம் பெய்த பாறையை
அவன் போன பிறகு போய் முகர்ந்து
கடிதம் படிப்பவள்போல் நெடுநேரம் நின்றாள்.
கயிறு என் கையில் தொங்கியது,
நான் எதையும் பிடித்துக்கொண்டிராத மாதிரி.

அலை நாளுக்கு முக்கால் மணி தள்ளிப்போகும்.
கடலோரம் பிறந்த எங்கள் இருவருக்கும் தெரியும்.
நேரத்தை மாற்ற யாரும் வாய் திறக்கவில்லை.
திறந்தால் பேச வேண்டியிருக்கும்.

எட்டாம் நாள்
கணக்குப்படி முப்பத்துமூன்று அடி.
கடல் விட்டு வைத்திருந்தது ஏழு.
திரும்பிப் போயிருக்கலாம்.
ஃபாக்ட்னா தன் பூட்ஸைப் பார்த்தார்,
நான் மதிலைப் பார்த்தேன்,
நடக்க ஆரம்பித்துவிட்டோம்.

பாதி வழியில் ஒரு பெரிய அலை.
பிஷப் முழுக்க நனைந்தான்.
அவசரமே இல்லாமல் நின்று
மூக்கில் தொடங்கி வால் நுனிவரை உதறினான்.
அந்த உப்புத் தண்ணீர் அத்தனையும்
கெட்டிலின் முகத்தில்.

நான் மூச்சைப் பிடித்தேன். பிடித்ததை விட்டேன்.

அவள் தும்மினாள்.
பிஷப் தன் பின்புறத்தை அவள் பக்கம் திருப்பி
கடலைப் பார்த்தபடி நின்றான்,
படிக்க வேண்டுமானால் படித்துக்கொள் என்பதுபோல்.
ஊசிமூக்கு மெல்ல நீண்டது.
வயிற்றோடு ஒட்டிக் கிடந்த வால்
ஒரு விரல் அளவுக்கு இறங்கியது.
அவ்வளவுதான் நடந்தது.
வேறு யார் பார்த்திருந்தாலும்
ஒன்றும் நடக்கவில்லை என்றே சொல்வார்கள்.

'நாளைக்கு மத்தியானம் வந்தால்
மணல் நிறைய இருக்கும்' என்றார் ஃபாக்ட்னா.
'வேண்டாம்' என்றேன். 'ஏழே இருக்கட்டும்.'

குழாய் இன்னும் என் பக்கம்தான் ஒழுகுகிறது.
தபால் நிலையத்துக்கு
இன்னும் தனியாகத்தான் போகிறேன்.